சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'ஆபரேஷனுக்கு முந்தைய இரவு 10 மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டு சிஸ்டர் இதையேதான் சொன்னார். இப்போது நான் ஓய்வும் பெற்றுவிட்டேன், பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். தங்கள் இதழுக்கு மட்டும் காலம் நகரவேயில்லை.

தாங்கள் அறியாததல்ல. உடல் நலமாக உள்ளவருக்குத் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், 2 மணி நேரத்துக்கு முன்புவரை தண்ணீர், பால் சேர்க்காத காபி, சக்கையில்லாத பழச்சாறு எல்லாம் குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999-லேயே சொல்லிவிட்டது. பாலுக்கும் லேசான உணவுக்கும்தான் 6 மணி நேரம். 2011-ல் ஐரோப்பியர்களும் அதையே சொன்னார்கள். நம் ஊர்க் காபியில் பால் இருக்கிறது, ஆகவே அது இந்தக் கணக்கில் வராது, சரி. தண்ணீர் என்ன பாவம் செய்தது?

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1946-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 44,016 பிரசவங்களின் கணக்கைப் பார்த்து, 66 பேருக்கு மயக்கத்தில் வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போனதாக எழுதினார். இறந்தவர்கள் 2 பேர். இருவருமே திட உணவு அடைத்து மூச்சு முட்டி இறந்தவர்கள். அவசர ஆபரேஷன், குடல் அடைப்பு, பிரசவ வலி என்றால் இன்றும் விதி வேறுதான், மறுக்கவில்லை. அதற்காக எல்லோர் வாயையும் கட்ட வேண்டுமா?

என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, 'காலையில் முதல் கேஸ்' என்று சொல்லி இரவு 10 மணிக்கே தண்ணீரை நிறுத்தினார்கள். நடுவில் வேறு கேஸ்கள் புகுந்து, அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது மாலை 3 மணி. உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, இத்தனை வருடம் கூட இருந்த என்னைப் பார்த்து 'யாரம்மா நீ?' என்றார். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தேன். பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பெண் அதையும் பிடுங்கிப்போட்டு, 'சொட்டுகூடக் கூடாது ஆன்ட்டி' என்றாள். அவளும் தங்கள் வாசகியாக இருக்கலாம்.

இது முதல் முறையும் அல்ல. முதியவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் நினைவு குழம்பும், முதுகில் போடும் ஊசிதான் பத்திரம் என்று முன்பொரு முறை எழுதினீர்கள். இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 46 மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். குழப்பம் வந்தது முதுகு ஊசியில் 20.5 சதவீதம் பேருக்கு, முழு மயக்கத்தில் 19.7. பெரிய வித்தியாசம் இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். அது வரவில்லை, அந்தப் பக்கத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம் வந்திருந்தது. தைலத்துக்கு இருக்கும் மரியாதை எனக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அப்புறம், அரிய ஆபரேஷன் என்று செய்தி போடும்போதெல்லாம் கத்தி பிடித்தவருக்குத்தான் படம். நோயாளியின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டர் 'மற்றும் குழுவினர்' ஆகிவிடுகிறார். அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டமே வந்திருக்காது.

அடுத்த இதழில் இரண்டு வரி போட்டால் போதும்: 'ஆபரேஷனுக்கு முன் எதை, எத்தனை மணிவரை குடிக்கலாம் என்று மயக்க டாக்டரிடம் கேளுங்கள். நேரம் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள்.' கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றால் மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு இந்தப் பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.