அண்டாவுக்குக் குழாய் வைப்பது பற்றி

அல்சூர், பெங்களூரு
ஆகஸ்ட் 12

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. மாட்டுங்காவில் மழை விடவில்லை, இஞ்சி பியர் மட்டும் ஜோராக நுரைக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல செய்திதான். காய்ச்சுகிற 30 லிட்டர் பாத்திரத்தின் அடியில் ஒரு பால் வால்வ் (உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறந்து மூடும் குழாய்) வைக்க வேண்டும், ரப்பர் வாஷர் போட்டு நட்டு முடுக்கினால் மூன்றாம் தடவையே சொட்டுகிறது, வெல்டிங் பட்டறைக்குப் போவதா, வீட்டிலேயே ஈயம் (சால்டர்) வைத்து ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக ஒட்டலாம். ஆனால் ஈயத்தை நம்பி ஒட்டாதே. ஒட்டுக்குப் பலம் தருவது இறுக்கம். ஈயம் அதில் இருக்கும் சந்தை அடைக்கத்தான். சால்டரிங் சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர், சமதளத் தகட்டில் வட்டத் துளை போட்டு, அதில் தொளதொளவென்று ஃபிட்டிங்கை நிறுத்தி, சுற்றி ஈயத்தை அப்பியவர்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பில் ஈயம் எதைப் பிடித்துக்கொள்ளும்?

முதலில் பாத்திரம். எவர்சில்வர் என்று விற்பதில் பாதி 200 வரிசை, நிக்கல் குறைந்த ரகம். ஒட்டுவதற்கு அதுவும் ஒத்துவரும். ஆனால் உப்பும் அமிலமும் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். நிக்கல் கூடிய 304 ரகம் என்றால் நிம்மதி. காந்தம் வைத்துப் பார்க்கிற சோதனையை நம்பாதே, 200 வரிசையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அலுமினிய அண்டாவை மறந்துவிடு, இந்த வேலைக்கு அது ஆகாது.

சாமானுக்கு நீ நாக்தேவி தெருப் பக்கம் போனால் போதும். அரை இஞ்ச் 304 ஹாஃப் சாக்கெட் ஒன்று கேள், குட்டையான குழாய்த் துண்டு: உள்ளே மரை, வெளியே வழவழப்பு. நிப்பிள் வாங்காதே; வெளியே மரை இருந்தால் தகடு அதில் சரியாக உட்காராது. ஒன்று கவனி. இங்கே கிடைப்பது பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் அளவு மரை. இணையத்தில் வரவழைக்கிற அமெரிக்க வால்வுகளில் என்பிடி என்கிற அமெரிக்க அளவு. அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான், அதனால் முதல் மூன்று சுற்று சமர்த்தாக ஏறும். ஆனால் மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 டிகிரி, என்பிடியில் 60. டெஃப்லான் டேப் எத்தனை சுற்றினாலும் ஒழுகும். எல்லாவற்றையும் ஒரே மரையில் வாங்கு. வால்வும் 304 ஆக, மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பித்தளையில் காரீயம் (லெட் என்கிற விஷம்) கலந்திருக்கும். தவிர, கழற்ற முடியாத வால்வின் உருண்டைக்குப் பின்னால் சர்க்கரைத் தண்ணீர் தங்கிப் புளித்துக்கொண்டே இருக்கும்.

ஈயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். லாமிங்டன் ரோட்டில் சால்டர் என்று கேட்டால் 60/40 கம்பியை எடுத்து நீட்டுவார்கள். அதில் 40 பங்கு காரீயம். வாயில் போகிற பொருளுக்கு அது கூடவே கூடாது. சுருளின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்து, வெள்ளீயம் 96, வெள்ளி 4 என்று இருப்பதை வாங்கு. 221 டிகிரியில் உருகும். அது கிடைக்காவிட்டால் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 உள்ள கம்பி. அதுவும் ஏறக்குறைய அதே சூட்டில் உருகும். நடுவில் ரோசின் (மரப்பிசின்) இல்லாத, முழுக் கம்பியாகக் கேள். ரோசின் எவர்சில்வரிடம் தோற்றுப்போகும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்ஸைடு படலத்தால்தான். அதைக் கரைத்தால்தான் ஈயம் ஒட்டும். ரோசினுக்கு அந்தப் பலம் இல்லை. துத்தநாகக் குளோரைடு கலந்த அமில ஃப்ளக்ஸ் (அந்தப் படலத்தைக் கரைக்கத் தடவும் பூச்சு) வேண்டும், அல்லது பாஸ்பாரிக் அமிலம். ஈயம் பூசுகிறவர்களின் நவச்சாரமும் இந்தக் குடும்பம்தான். ஆசாரிகள் பொடி வைத்து ஊதும் வெங்காரம் வேறு விஷயம். அது உருகும் சூட்டில் நம்முடைய ஈயம் எப்போதோ ஓடிப்போயிருக்கும்.

ஏசி மெக்கானிக் யாராவது, 'சில்வர் ராட் வைத்து அஞ்சு நிமிஷத்தில் அடித்துத் தருகிறேன்' என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் செம்புக் குழாய்க்கு வைத்திருக்கும் கம்பியில் பாஸ்பரஸ் இருக்கும். இரும்பு கலந்த உலோகத்தில் அது நொறுங்கிப்போகும் ஒட்டாகத்தான் வரும். உண்மையான வெள்ளிக் கம்பியிலும் காட்மியம் கலந்த ரகங்கள் உண்டு. அது விஷம்.

இனி வேலை. பாத்திரத்தின் அடி வளைவு முடிந்து சுவர் நேராகும் இடத்துக்கு மேலே, துளையின் நடுப்புள்ளி அடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி குறி. சாக்கெட்டின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அள. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 27 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். துளை 27 அல்ல, 22. மீதி ஐந்து மில்லிமீட்டரைத் தகட்டை இழுத்து விரிக்கப் போகிறோம். விளிம்பு வெளிப்பக்கமாகச் சட்டைக் காலர் மாதிரி எழுந்து சாக்கெட்டைக் கவ்வும். ஈயத்துக்கு ஒட்ட இடம் அந்தக் காலர்தான்.

முதலில் 3 மி.மீ. கோபால்ட் டிரில், பிறகு ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு டிரில்). பின்னால் ஒரு மரக்கட்டை அண்டை கொடு. வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், எண்ணெய் தாராளம். எவர்சில்வரை வெட்டாமல் உரசினால் அந்த இடம் கெட்டிப்பட்டுவிடும். கிறீச்சென்று சத்தம் வந்தால் அதுதான் நடக்கிறது, உடனே நிறுத்து. துளை வந்ததும் விளிம்பின் பிசிரை அரத்தால் எடுத்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கு. விரல் வைத்தால் எங்கும் பிடிக்கக் கூடாது. பிசிர் இருந்த இடத்தில்தான் விரியும்போது கீறல் விழும். கீறல் விழுந்த காலரை ஈயத்தால் மூடி ஏமாற்ற முடியாது, சூடு ஏறி இறங்க இறங்க அது வளரும்.

இழுப்பதற்கு 12 மி.மீ. போல்ட் ஒன்று, 120 மி.மீ. நீளத்தில், மேலும் 24 மி.மீ. வாஷர். வெளிப்பக்கத்துக்கு, உள்விட்டம் 30 மி.மீ., உயரம் 25 மி.மீ. உள்ள ஓர் இரும்பு வளையம். எந்த லேத் பட்டறையிலும் பத்து நிமிஷத்தில் வெட்டித் தருவார்கள். சாக்கெட்டின் ஒரு முனையை லேசாகச் சரித்துத் தேய்க்கச் சொல், அந்த முனைதான் துளைக்குள் நுழைய வேண்டும். துளையைச் சுற்றி உள்ளும் புறமும் ஒரு விரல் அகலத்துக்கு, சாக்கெட்டின் வெளிப்பக்கம் முழுக்க, 100 நம்பர் உப்புத்தாளால் மங்கலாகத் தேய். அசிட்டோனால் துடை. அதன்பிறகு விரல் படாதே. ஃப்ளக்ஸைத் தடவு. போல்ட் தலையும் வாஷரும் பாத்திரத்துக்குள்ளே, அடுத்து சாக்கெட், அடுத்து சுவர், வெளியே வளையம், வளையத்தின் மேல் நடுவே துளையிட்ட கனமான பட்டைத் தகடு, கடைசியில் நட்டு. ஸ்பேனரால் மெல்ல முடுக்கு. சாக்கெட் துளையை விரித்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே நாலைந்து மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்து. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாக்கெட்டைக் கையால் ஆட்டிப் பார். அசையக் கூடாது. அசைந்தால் ஈயம் வைக்காதே, வேறு சாக்கெட் தேடு.

இப்போது பாத்திரத்தைப் படுக்க வை, சாக்கெட் வானத்தைப் பார்க்கட்டும். 1.6 மி.மீ. கம்பியைக் காலரும் சாக்கெட்டும் சேரும் பள்ளத்தில் இரண்டு சுற்று சுற்றி உட்கார வை. ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் ஆகும். மேலே இன்னும் கொஞ்சம் ஃப்ளக்ஸ். டார்ச்சைப் பாத்திரத்தின் வாய் வழியாக உள்ளே கொண்டுபோய், கீழிருந்து சாக்கெட்டைச் சூடாக்கு. தகட்டை அல்ல, சாக்கெட்டை. கனமான துண்டு சூடாக நேரம் பிடிக்கும், மெல்லிய தகடு நொடியில் கொதிக்கும். சுடரைத் தகட்டில் காட்டினால் தகடு கருகும், சாக்கெட் குளிர்ந்தே இருக்கும், ஈயம் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். சுடரை வட்டமாக நகர்த்திக்கொண்டே இரு. ஃப்ளக்ஸ் முதலில் சலசலக்கும், பிறகு நீர் வற்றி அமைதியாகும். அதற்குப் பின் கம்பி சட்டென்று தன் வடிவத்தை இழந்து, பாதரசம் போல மினுங்கி, பள்ளத்துக்குள் காணாமல் போகும். ஈயம் எப்போதும் சூடு இருக்கும் பக்கம் ஓடும். உள்ளே குனிந்து பார்த்தால் சாக்கெட்டைச் சுற்றி வெள்ளிக் கோடு ஒன்று முழு வட்டமாகத் தெரியும். அது தெரிந்த நொடியே சுடரை எடு. கோட்டில் எங்காவது விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் மட்டும் ஃப்ளக்ஸ் தொட்டு, ஒரு சென்டிமீட்டர் கம்பியைக் கொடு. ஈயம் மங்கும் வரை பாத்திரத்தைத் தொடாதே, தண்ணீரும் ஊற்றாதே.

ஈயம் முத்து முத்தாக உருண்டு நின்றால் அழுக்கு அல்லது சூடு போதவில்லை. ஃப்ளக்ஸ் கறுத்து, தகட்டில் நீலமும் ஊதாவும் படர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது. கறுத்த ஃப்ளக்ஸின் மேல் எவ்வளவு ஈயம் ஊற்றினாலும் ஒட்டாது. ஆறவிட்டு, துடைத்து, உப்புத்தாள் போட்டு முதலிலிருந்து தொடங்கு. இதைச் சமையலறையில் செய்யாதே. அந்தப் புகை அமிலப் புகை; பால்கனியில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்.

உங்கள் ஊர்க் காற்றுக்கு அடுத்த வேலை முக்கியம். ஃப்ளக்ஸில் உள்ள குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவர்சில்வரில் ஊசி முனைத் துளை போடுவது அதுதான். அன்றைக்கே சமையல் சோடா இரண்டு மேசைக்கரண்டி ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் உள்ளும் புறமும் மரைக்குள்ளும் தேய்த்துக் கழுவு. பிறகு ஒரு தடவை பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிடு. ஒழுகுகிறதா என்று பார்க்க, வால்வைப் பூட்டி, தண்ணீர் நிரப்பி, ஒட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ராத்திரி முழுக்க விடு. காலையில் அது மொடமொடப்பாக இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் ஒட்டுகிறவர்கள் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வைத்துப் பார்ப்பார்கள், குடிக்கிற பாத்திரத்துக்கு அது வேண்டாம்.

வால்வை மாட்டும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று சாக்கெட்டை அசையாமல் பிடிக்க, இன்னொன்று முடுக்க. சுவரை நம்பி முடுக்கினால் இத்தனை பாடும் வீண். டேப் ஐந்தாறு சுற்றுப் போதும்.

இனி அடுப்பில் வைப்பது. பாட்டி காலத்து ஈயச் சொம்பு ஞாபகம் இருக்கும். ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். வெறுஞ்சொம்பை வைத்தால் உருகி அடுப்பில் வழிந்துவிடும். உன் பாத்திரத்துக்கும் அதே விதி. தண்ணீர் இருக்கும் வரை ஒட்டு கிட்டத்தட்ட 100 டிகிரியில் நிற்கும் (இங்கே பெங்களூரில் 97லேயே கொதித்துவிடும்). சாக்கெட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியபின் அடுப்பு எரியக் கூடாது. அகல பர்னர் என்றால் சுடர் பக்கவாட்டில் ஏறி வால்வை நக்கும். அந்தப் பக்கம் ஒரு தகட்டை மறைப்பாக நிறுத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது காய்ச்சுகிற பாத்திரம், ஊறப்போடுகிற பாத்திரம் அல்ல. மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றின் அமிலத்தன்மை பிஎச் ஐந்தைச் சுற்றி இருக்கும், ஒரு மணி நேரக் கொதியில் ஒன்றும் ஆகாது. கொம்புச்சா (புளிக்கவைத்த டீ) மூன்றுக்கு அருகே இறங்கும், அதாவது புளிப்பு இன்னும் அதிகம். நாள் கணக்கில் வைத்தால் வெள்ளீயம் மெல்லக் கரையும். டீயை இதில் காய்ச்சு, ஆறியதும் கண்ணாடி ஜாடிக்கு மாற்று. இஞ்சி பியருக்கு எலுமிச்சை பிழிவதையும் வடித்த பிறகே வைத்துக்கொள்.

மழைக்காலத்தில் ஃப்ளக்ஸ் புட்டியின் மூடியை இறுக்கி மூடி, இரும்புச் சாமான்களுக்குத் தள்ளி வை. உள்பக்க வெள்ளிக் கோட்டைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
சேது