'எஸ்.எஸ். ஏணி' என்று மட்டும் எழுதாதீர்கள்: கடலோர அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் நீச்சல்குளம் பராமரிப்பவர்கள் நாங்கள். துருப்பிடித்த ஏணியையும் கைப்பிடிக் கம்பியையும் மாற்றும் செலவு உங்கள் பொதுக்குழுவுக்கு வருமுன் இதைப் படித்துவிடுங்கள்.

கொட்டேஷன் கேட்கும்போது 'எஸ்.எஸ். ஏணி' (எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எவர்சில்வர்) என்று மட்டும் எழுதுகிறீர்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. 202, 304, 316 என எவர்சில்வரில் பல வகை. புதிதில் எல்லாம் ஒரே பளபளப்பு. காந்தம் வைத்துப் பார்த்தும் பயனில்லை, மூன்றிலுமே பெரும்பாலும் ஒட்டாது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. மற்ற இரண்டில் அது சேர்க்கப்படுவதில்லை. எவர்சில்வரின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை, உப்பில் உள்ள குளோரைடு ஊசிமுனை அளவில் துளைக்கும். அதை எதிர்த்து நிற்கும் வலு மாலிப்டினத்தால் கூடுகிறது. ஆகவே ஆர்டரில் '316எல், மெருகேற்றியது, வெல்டிங் கறை நீக்கியது, போல்ட்டும் நட்டும் அதே வகை' என்று எழுதுங்கள் (316எல் என்பது கார்பன் குறைந்த 316). சரக்கு இறங்கியதும் மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைச் சொட்டை ஏணியின் அடிப்பக்கத்தில் விட்டுப் பாருங்கள்.

316 போட்டுவிட்டால் கவலையில்லை என்பதும் தவறு. உப்புக் குளோரினேட்டர் (உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி) வைத்த குளத்தில் உப்பு 3,500 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 3,500 பங்கு) என்றால் அதில் குளோரைடு மட்டும் சுமார் 2,100. உவர்ந்த போர் தண்ணீரால் நிரப்பினால் அது இன்னும் ஏறும். குளோரைடு ஆவியாகிப் போகாது. குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி நல்ல தண்ணீர் சேர்த்தால்தான் குறையும். பி.எச். 7.2க்கும் 7.6க்கும் இடையிலும், காரத்தன்மை 80க்கும் 120 பி.பி.எம்.முக்கும் இடையிலும் நிற்கட்டும்.

ஏணி முதலில் அரிப்பது நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான். தெறித்த நீர் வெயிலில் காய்ந்து, உப்பு அங்கேயே செறிந்துவிடும். கடற்காற்றும் தன் பங்குக்குச் சேர்க்கும். வாரம் இருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துணியால் துடைத்தால் போதும். இதைவிட மலிவான பாதுகாப்பு எதுவுமில்லை, ஆனால் பராமரிப்பு ஒப்பந்தங்களில் இந்த ஒரு வரியைத்தான் காணோம். தரையில் ஏணிக்கால் இறங்கும் குழியில் நீர் தேங்கினால் கம்பி உள்ளிருந்து அரித்து, மேலே ஒன்றும் தெரியாமலே ஒருநாள் முறியும். ஆண்டுக்கொருமுறை கால்களை உருவிப் பாருங்கள்.

பழுப்புக் கறை தெரிந்தால் இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் பதிந்து புதுத் துருவாகும். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, துணியில் நனைத்து 20 நிமிடம் சுற்றி வைத்து, நைலான் பிரஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் ஏணியில் படவே கூடாது.

பம்ப் அறையில் ஆசிட் கேன் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். அதன் புகை மோட்டார், பேனல், குழாய்க் கிளாம்ப் எல்லாவற்றையும் தின்னும். குளோரினுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆளுக்கே ஆபத்து. குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் (நீர்மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) கூடையில் போடும் பழக்கமும் கெடுதல். பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் அங்கே கடும் அமில நீர் தேங்கி, பம்ப் ஓடியதும் நேரே பம்புக்கும் ஹீட்டருக்கும் போகிறது. மிதக்கும் டப்பாவைப் பயன்படுத்துங்கள். அது ஏணியில் போய் ஒட்டாதபடி கயிறு கட்டுங்கள்.

துத்தநாக ஆனோடு (ஏணிக்குப் பதிலாகத் தான் அரிந்து அதைக் காக்கும் துத்தநாகக் கட்டி) விற்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: குளத்தின் உலோகப் பாகங்களை ஒன்றாக இணைக்கும் எர்த் பாண்டிங் கம்பியுடன் அதை இணைப்பீர்களா? இணைப்பில்லாமல் ஸ்கிம்மரில் கிடக்கும் துத்தநாகம் ஏணியைக் காக்காது. இணைத்தாலும் நீருக்கு மேலுள்ள பகுதிக்குப் பயனில்லை.

கூரை மூடிய குளம் உள்ள சங்கங்கள் மேலேயும் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் 1985 மே 9 அன்று ஒரு நீச்சல்குளத்தின் தொங்கு கான்கிரீட் கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். தாங்கியிருந்த எவர்சில்வர் தண்டுகள், குளோரைடும் இழுவிசையும் சேர்ந்து விரிசல் விட்டு அறுந்திருந்தன. பொய்க்கூரை, ஸ்பீக்கர், விளக்கு ஆகியவற்றைத் தாங்கும் கம்பிக்குக் கூரை மூடிய குளத்தில் 304 மட்டுமல்ல, 316கூடப் போதாது. ஐரோப்பிய எண்முறையில் 1.4529 அல்லது 1.4547 என்ற எவர்சில்வர் வகை வேண்டும். இப்போது தொங்குவது எந்த வகை என்று தெரியாவிட்டால், கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை குளத்தை மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல்குளப் பராமரிப்புத் தொழிலாளர்கள்