ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுப் பொருள்களுக்கு ஒரு பட்டியல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு மழையைப் பற்றி நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது? 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு தரைத்தளங்களை மூழ்கடித்ததைப் பார்த்தீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு தண்ணீர் மறுபடியும் தெருவுக்குள் வந்ததையும் பார்த்தீர்கள். இரண்டு முறையும் தண்ணீர் வடிந்ததும் நம் கடைக்கு வந்த பலர் கேட்டது பழைய பில்லைத்தான். "அண்ணே, நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ஃப்ரிட்ஜ். பில் காப்பி கிடைக்குமா? இன்சூரன்ஸ்ல கேக்கறாங்க."

இங்கே வாங்கிய பொருளின் பில் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவோம். மற்றப் பொருள்களுக்கு? கட்டில், மெத்தை, பீரோவில் இருந்த பட்டுப்புடவைகள், அடுப்படிப் பாத்திரம், பிள்ளைகளின் லேப்டாப் இதற்கெல்லாம் பலரிடம் ஒரு காகிதமும் இருக்கவில்லை. வீட்டில் என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுதக்கூட முடியாமல் தவித்தார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதால்தான் மழை தொடங்கும் முன்பே இதை எழுதுகிறோம். நாங்கள் இன்சூரன்ஸ் விற்பவர்கள் அல்ல. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் எங்களுக்கு அதில் ஒரு ரூபாய் வராது.

முதலில் பட்டியல். இதற்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை, கையில் இருக்கும் ஃபோன் போதும். வாசலில் தொடங்கி அறை அறையாக வீடியோ எடுங்கள். எடுத்துக்கொண்டே வாயால் சொல்லுங்கள்: "இது ஹால், டிவி 2022-ல் வாங்கினது, 43 இன்ச்." பீரோ கதவு, அலமாரி, பரண் எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். டிவியையும் ஏ.சி.யையும் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது அடுப்படியும் துணிமணியும்தான். மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அளவுக்கு ஒன்றாகக் குக்கர்கள், எவர்சில்வர் டப்பாக்கள், அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாக விலை போட்டால் நீங்களே மலைத்துப்போவீர்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளத்தில் முதலில் நனைவது அதுதான்.

பெரிய சாமான்களுக்கு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கிட்டத்தில் வைத்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரில், காய்கறிப் பெட்டிக்கு அருகில் இருக்கும். வாஷிங் மெஷினில் பின்பக்கமோ கதவு ஓரமோ பாருங்கள். ஏ.சி.யில் பக்கவாட்டில், டிவியில் முதுகில். தேடிக் கிடைக்காவிட்டால் அடுத்த சர்வீஸுக்கு வரும் எங்கள் பையனிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார்.

பில் விஷயத்தில் ஒரு முக்கியமான சேதி. இப்போது பல கடைகளில் தருவது மையில்லாமல் சூட்டில் எழுத்து விழும் வழவழப்பான தாள். நாளாக ஆக எழுத்து மங்கி, பிறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பூட்டி வைத்தாலும் எழுத்து தங்காது. வாங்கிய அன்றே ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம், இந்த வீடியோவும் ஃபோட்டோக்களும் உங்கள் ஃபோனில் மட்டும் இருந்தால் பயனில்லை, வெள்ளத்தில் ஃபோனும்தான் போகும். உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ இன்னொன்று அனுப்புங்கள்.

அடுத்து விலை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே போட வேண்டியது, அதே தரத்தில் இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலை. வாங்கிய காலத்து விலையைப் போட்டால் பிறகு நஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டு படுக்கையறை உள்ள ஒரு நடுத்தர வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஃப்ரிட்ஜ் 35,000, வாஷிங் மெஷின் 28,000, டிவி 40,000, இரண்டு ஏ.சி. 80,000, இன்வெர்ட்டரும் பேட்டரியும் 25,000. அடுப்படி மின்சாமான் 20,000, பாத்திரம் 40,000. கட்டில் மெத்தை 90,000, சோஃபா மேசை நாற்காலி 60,000. துணிமணி, பட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம், லேப்டாப்பும் ஃபோன்களும் ஒரு லட்சம், சைக்கிள், தையல் மெஷின், புத்தகம் 30,000. கூட்டினால் 6,98,000. நகை இதில் இல்லை. பெரும்பாலானவர்கள் "ஒரு ரெண்டு மூணு லட்சம் இருக்கும்" என்று சொல்லும் வீடுதான் இது.

சரி, இதற்கு எவ்வளவு இன்சூரன்ஸ்? 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் வகுத்தது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் இதில் அடங்கும். வெள்ளம் வராத மேல்மாடியில் இருக்கிறவர்களுக்கும் இது வேண்டும். 2016 வர்தா புயலில் ஜன்னல் உடைந்து மழை உள்ளே அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்தப் பாலிசியைக் கட்டடத்துக்கும் உள்ளே இருக்கும் பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே காப்பு கிடைக்கும். பலர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் கட்டடத் தொகை என்பது கட்டுமானச் செலவு மட்டும், மனை விலை அதில் சேராது. 800 சதுர அடிக்கு அடி 2,500 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். அதில் 20 சதவீதம் 4 லட்சம். மேலே போட்ட கணக்குக்கு ஏறக்குறைய 3 லட்சம் குறைகிறது. அப்படியானால் பொருள்களின் பட்டியலைக் கொடுத்து 7 லட்சத்துக்கு எடுப்பதுதான் முறை. கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அதற்குப் பயந்து தொகையைக் குறைக்காதீர்கள். குறைத்துக் காட்டினால் நஷ்ட ஈட்டையும் அதே விகிதத்தில் வெட்டும் பழைய வழக்கம் இந்தப் பாலிசியில் இல்லை. இருந்தாலும் எடுத்த தொகைக்கு மேல் ஒரு பைசா வராது. வேறு வகைப் பாலிசி வைத்திருப்பவர்கள் அந்த விகித வெட்டு தங்களுடையதில் உண்டா என்று அவசியம் விசாரியுங்கள்.

வீட்டுக் கடனோடு பேங்கில் எடுத்துக் கொடுத்த பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கட்டடத்துக்கு மட்டும் இருந்து, பொருள்களுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு: வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் சாமான்களைக் காப்பாற்றாது. பொருள்களுக்கு மட்டும் தனியாக நீங்கள் எடுக்கலாம்.

நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒவ்வொன்றும் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இன்றைய பவுன் விலையில் இரண்டு பவுன் சங்கிலியே அந்த 1 லட்ச வரம்பைத் தாண்டிவிடும், ஆகவே சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது. ரொக்கப் பணம் இந்தப் பாலிசியில் வராது, வண்டிக்கு அதற்கான பாலிசிதான். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்துத் திருடினால் அதுவும் இதில் வராது. வெள்ளம், தீ போன்ற சம்பவத்தை ஒட்டி 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் காப்பு. பூட்டு உடைப்புத் திருட்டுக்கு வேறு பாலிசி கேளுங்கள்.

எங்கள் தொழிலோடு சேர்ந்த ஒரு விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கியோ, ஷார்ட் சர்க்யூட்டாலோ ஒரு மெஷின் எரிந்தால் அந்த மெஷினுக்கு இந்தப் பாலிசியில் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். தண்ணீர் புகுந்த ஃப்ரிட்ஜையோ மெஷினையோ "ஓடுதா பாப்போம்" என்று ஸ்விட்ச் போடவே போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து. வெள்ளத்தால் போனதா, ஸ்விட்ச் போட்டதால் போனதா என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

சேதம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லி, நஷ்ட ஈடு கேட்பதற்கான கிளெய்ம் எண்ணை வாங்கிவிடுங்கள். கழுவித் துடைப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஃபோட்டோ எடுங்கள். நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் தெருவில் கொட்டிவிடத் தோன்றும், அது நியாயம்தான். ஆனாலும் சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை, அல்லது கம்பெனி எழுத்தில் சம்மதம் தரும்வரை, மெத்தையைக்கூட மொட்டை மாடியிலோ வாசல் ஓரத்திலோ வையுங்கள். கிளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தும் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ, தேனாம்பேட்டையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

எங்களிடம் வாங்கிய எந்தப் பொருளுக்கும் பில் நகல் இலவசம். வாங்கியபோது கொடுத்த ஃபோன் எண்ணைச் சொன்னால் போதும், எண் மாறியிருந்தால் பழைய எண்ணைச் சொல்லுங்கள். கடைக்கு வர முடியாத பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சர்வேயர் கேட்கும் ரிப்பேர் எஸ்டிமேட்டை எங்கள் சர்வீஸ் பிரிவு எழுதித் தரும். வேறு கடையில் வாங்கிய பொருளானாலும் தரும். மழை தொடங்கிவிட்டால் கூட்டத்தில் தேடித் தருவது தாமதமாகும், ஆகவே பில் நகலை இந்த மாதமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டு உபயோகப் பொருள் கடையினர்,
முடிச்சூர் சாலை, மேற்குத் தாம்பரம்