செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கணித நிரல்களின் பராமரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி, திறமூலக் கணித மென்பொருள்களின் அடியில் கிடக்கும் ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களுக்கே போயிற்று. எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. முதலில் ஒவ்வொரு சப்ரூட்டினுக்கும் (தனியே அழைக்கக்கூடிய நிரல் துண்டு) சோதனை எழுதினோம். சாதாரண உள்ளீடு, எல்லை மதிப்பு, பூஜ்யம், நேன் (எண்ணல்லாத மதிப்பு) ஆகியவற்றைக் கொடுத்து, இன்று வரும் விடையைச் சரியோ தவறோ அப்படியே பதிந்தோம். பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டது வீண்வேலை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்தாலே கடைசி இலக்கம் மாறிவிடும். சார்புப் பிழைக்கு (விடையின் அளவோடு ஒப்பிட்ட பிழை) வரம்பு வைத்த பிறகே சோதனைகள் உதவின.

அதிக நேரம் தின்றது ஒரு மாறிலி. பையின் மதிப்பு 3.14159265358979 என்று இருந்தது. அதிக இலக்கம் தாங்கும் இரட்டைத் துல்லிய எண் என்று காட்டும் டி0 கடைசியில் இல்லை. ஆகவே அது ஒற்றைத் துல்லியமாகச் சுருங்கியது. மற்ற கணக்கெல்லாம் இரட்டைத் துல்லியத்தில் நடந்தும் விடை ஏழெட்டு இலக்கத்தோடு நின்றது. கண்ணால் பார்த்தால் குறையே தெரியாது! வேறொரு வரியில் மாறியின் பெயர் 72-ஆம் நெடுவரிசையைத் தாண்டியிருந்தது. மிச்ச எழுத்துகளைக் கம்பைலர் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அறிவிக்காத மாறிப் பெயர்களை மறுக்கும் 'இம்ப்ளிசிட் நன்' கட்டளையைச் சேர்த்ததும் பிடிபட்டது.

பழைய கம்பைலர்கள் பல, உள்மாறிகளை நிலையான நினைவகத்தில் வைத்தன. அதனால் மதிப்பைக் காக்கச் சொல்லும் 'சேவ்' கட்டளை எழுதாத ரூட்டின்களும் முந்தைய அழைப்பின் மதிப்பை வைத்திருந்தன. இன்று அவை, அழைப்பு முடிந்ததும் விடுவிக்கப்படும் நினைவகமான ஸ்டாக்கில் போவதால் குப்பை வருகிறது. மாறிகளைத் தொடக்கத்தில் சிக்னலிங் நேனால் (கணக்கில் பயன்படுத்தினாலே பிழை எழுப்பும் நேன்) நிரப்பி, செல்லாத கணக்கு வந்ததும் நிற்கும்படி ஓட்டினால் இடம் தெரியும்.

பல ரூட்டின்கள் பகிரும் மாறித் தொகுப்புகளான 'காமன்' பிளாக்குகளை இன்னும் அவிழ்க்கவில்லை. இரண்டு த்ரெட் (ஒரே நிரலில் இணையாக ஓடும் வேலைகள்) ஒன்றாக அழைத்தால் ஒன்றின் மதிப்பை மற்றது அழிக்கும். தற்காலிகமாகப் பூட்டுப் போட்டிருக்கிறோம். வேகம் குறையும், விடை தப்பாது.

ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு முதல், அழைப்பில் தரும் மதிப்புகளின் வகை பொருந்தாவிட்டால் கம்பைல் நின்றுவிடுகிறது. அதை எச்சரிக்கையாகத் தளர்த்தும் தேர்வைப் போட்டு ஒப்பேற்றிய இடங்களைப் பட்டியலிட்டுள்ளோம்.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் கொண்ட ஒரு ரூட்டினை நீக்கினோம். மூல நிரலைப் பார்த்திராத ஒருவர், ஆய்வுக் கட்டுரையை மட்டும் வைத்து அதை மறுபடி எழுதுகிறார்.

முழுதாக மாற்றி எழுதுவதற்கும் முன்னுதாரணம் உண்டு: பைத்தான் மொழியின் அறிவியல் கணித நூலகமான சைபை 1.16-இல் (2025), கோபைலா என்ற உகப்பாக்க முறையின் ஃபோர்ட்ரான் 77 நிரலுக்குப் பதிலாக, இத்தகைய முறைகளை நவீனமாக மாற்றி எழுதும் பிரைமா திட்டத்தின் பைத்தான் வடிவம் வந்தது. அடுத்த ஆண்டுக்கு, சோதனை முடிந்த ரூட்டின்களை ஒவ்வொன்றாக மாற்ற அனுமதி கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்