ஐரிஷில் ஜோசியருக்கு என்ன பேர்?

கால்வே, அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். கடிதம் கிடைத்தது; இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். ஓயாத மழை, துணி காய்வதில்லை. மற்றபடி சௌக்கியம்.

ஜோசியரை இந்த ஊர்ப் பாஷையில் எப்படிச் சொல்வார்கள் என்று பெரியப்பா கேட்டிருந்தாரே, ஐரிஷில் 'அஸ்த்ரலீ'. 'த்'தை நம்மைப் போலவே நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டும். 'அஸ்த்ர' லத்தீன் வழி வந்தது, விண்மீன் என்று பொருள். கடைசி 'ஈ' அத்தொழில் செய்பவரைக் காட்டும் ஐரிஷ் விகுதி. பழைய எழுத்துமுறையில் அந்த விகுதியில் ஒலிக்காத எழுத்துகளும் இருந்தன. 1940களின் சீர்திருத்தத்தில் சுருங்கிவிட்டது. விண்மீனுக்கு 'ரேல்தா' என்ற சொந்தச் சொல்லும் உண்டு, அதிலிருந்து வானியலாருக்குப் பேர் வைத்தார்கள். நமக்கும் ஜோசியர் வடமொழி, வானியலார் தமிழ்தானே!

பெண் ஜோசியரானாலும் சொல் ஆண்பால்தான். ஒருமையில் வேற்றுமைக்காக ஈறு மாறாது; பன்மை 'அஸ்த்ரலிஹ'. மாற்றமெல்லாம் முன்னால்தான். 'அந்த ஜோசியர்' எழுவாயானால் 'அன் தஸ்த்ரலீ'. 'அந்த ஜோசியருடைய' என்றால் 'த்' விழுந்து 'அன் அஸ்த்ரலீ'. பன்மையில் 'ந ஹஸ்த்ரலிஹ', ஆறாம் வேற்றுமையில் 'ந நஸ்த்ரலிஹ'.

கற்பவர்கள் அதிகம் தடுக்குவது உடைமையில். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய மூன்றுக்கும் ஒரே 'அ'. அவனுடைய ஜோசியர் 'அ அஸ்த்ரலீ', அவளுடைய ஜோசியர் 'அ ஹஸ்த்ரலீ', அவர்களுடைய ஜோசியர் 'அ நஸ்த்ரலீ'. நம் உடம்படுமெய் ஒலியை இணைக்க மட்டும் வருவது. இங்கே அந்த ஒரு மெய்யை விட்டால் ஜோசியர் வேறொருவருடையவர் ஆகிவிடுவார். பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா, குளிரிலும் வாசல் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பவர், இதை விடாமல் திருத்துவார்.

ஆட்களை எண்ணத் தனிச் சொற்களும் உண்டு, நம் இருவர், மூவர் போல. மூவருக்கு 'த்ரியூர்'. நீங்கள், பெரியப்பா, மாமா மூவரும் திண்ணையில் பஞ்சாங்கத்தை விரித்துவைத்து வாதாடுவதைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது அப்பா. சுண்டைக்காய் வத்தல் தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

தங்கச்சி ஜாதகத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்தாயிற்றா? நட்சத்திரப் பொருத்தத்தோடு நிறுத்தாமல் தசா சந்தியும், அதாவது இருவருக்கும் தசை மாறும் காலம் ஒன்றாக வருகிறதா என்றும், பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதம் பாதிப் பணம்தான் அனுப்புகிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை, மீதி அடுத்த மாதம் வரும். முதலில் கிணற்று மோட்டாரைச் சரிசெய்யுங்கள். பட்டா மாற்ற மனுவில் பெரியப்பா கையெழுத்தும் வேண்டும், அவர் ஊருக்குக் கிளம்புமுன் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மகன்