பிளம்பரைத் தேடுகிறவர்கள் பராமரிக்காதவர்கள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடுகளுக்குள் மழைநீர் புகுவது பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "பராமரிக்காமல் விட்டுவிட்டு, தண்ணீர் வந்தபின் பிளம்பரைத் தேடுகிறார்கள்" என்று அதில் ஒரு வரி. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழில் இப்படிப் படித்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

செட்டிநாட்டு வீடு எப்படிப்பட்டது என்று தாங்கள் அறிவீர்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வீட்டு நடுவில் திறந்திருக்கும் முற்றமான வளவில்தான் விழும். அங்கிருந்து தரைக்கடியில் போகும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போய்ச் சேரும். மழை குறைந்த சீமை என்பதால் அப்படி வைத்தார்கள். வாசலில் படியேறித்தான் உள்ளே போகவேண்டும் என்று வீட்டையும் உயர்த்திக் கட்டினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் படிகளில் பாதி இன்று ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போடவேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் பழைய ரோட்டின்மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள். தெருச் சாக்கடை மேலே போய்விட்டது, எங்கள் வாய்க்கால் வாய் கீழேயே நின்றுவிட்டது. நாங்கள் வெளியே விடும் தண்ணீர் எங்களிடமே திரும்பி வருகிறது. இதில் எங்கள் பராமரிப்புக் குறை எங்கே இருக்கிறது?

ஆடியிலேயே கூரை மடிப்பில் சேர்ந்த சருகை அள்ளிவிடுகிறோம், வளவு வாய்க்காலில் கம்பி விட்டுத் தூர் எடுக்கிறோம். போன கார்த்திகையில் அடைமழை ராத்திரி அந்த வாய்க்கால் துளை வழியாகவே சாக்கடை பொங்கி வந்தது. மெயினை அணைத்துவிட்டு, கழிப்பறையில் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு, நானும் என் நாத்தனாரும் நனைந்த சாக்கில் மணலைக் கட்டித் துளையில் திணித்தோம். கூப்பிட்ட இடங்களில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. விடிந்து வந்த பிளம்பர் ஆசிட் ஊற்றலாம் என்றார். சுண்ணாம்புக் காரையை ஆசிட் அரித்துவிடும் என்று நான்தான் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. அடுத்து வந்தவர் பிரஷர் மெஷினைப் போட்டார். பழைய பீங்கான் குழாயின் இணைப்புகள் விட்டுப்போயின. இப்போது சுவரில் ஈர ஓதம் ஏறுகிறது.

கழிவுநீருக்குத் தனிக் குழாய் போட்டு, மழைநீர் வெளியேறும் இடத்தில் ஒரு தொட்டி கட்டி, திரும்பி வராதபடி வால்வு வைத்தால் பெருமளவு தீரும். அதற்குத் தரையைத் தோண்டவேண்டும். வாய்க்கால் போவதோ பங்காளி ஒருவரின் பூட்டிய அறைக்குக் கீழே. சாவி கோலாலம்பூரில் இருக்கிறது. மற்றப் பங்காளிகள் சென்னையிலும் கோவையிலுமாக இருக்கிறார்கள், எல்லோரும் சம்மதிக்கவேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து உடையாமல் திரும்பப் பதிக்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவேண்டும். கட்டுரையாளர் இதில் ஒன்றையாவது விசாரித்து எழுதியிருக்கலாம்.

2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதன் பிறகு படம் பிடிக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. முகப்பையும் தேக்குத் தூணையும் படம் பிடித்துப் போகிறார்கள், சாக்கடை வாயைக் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஓதம் ஏறிய வீட்டைக் கட்டிக் காக்க முடியாமல் பிரித்து விற்கிறவர்களின் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே மனம் வருவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஐப்பசி பிறப்பதற்குள், ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் சாக்கடை அடைத்தால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என ஊர்வாரியாக விசாரித்து, நடப்பில் உள்ள போன் எண்களை மாவட்டப் பக்கத்தில் ஒருநாள் வெளியிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் சம்மதித்தால் அவர்கள் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பள்ளத்தூர்.