பளபளப்புக்காகப் போல்ட்டை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றியும், பழைய உடற்கூட்டில் ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தி ‘ஹாட் ராட்’ கட்டுவது பற்றியும் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்துறை பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் கட்டுரையாளருக்கு என் மனமார்ந்த நன்றி. எனினும், துருத் தொல்லை தீர வண்டியின் போல்ட், நட்டு அனைத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாம் என்ற அதன் யோசனையை யாரேனும் அப்படியே பின்பற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துருப்பிடிக்காமல் இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவலிமை, அதாவது அறுந்துபோகுமுன் அது தாங்கும் உச்ச அழுத்தம், 700 மெகாபாஸ்கல். ஆனால் 450 மெகாபாஸ்கல் அளவிலேயே அது நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். சாதாரண 8.8 தர எஃகு போல்ட்டுக்கோ இந்த எண்கள் 800, 640. சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் பல இடங்களில் இதைவிடவும் உயர்ந்த 10.9 தரமே பொருத்தப்பட்டிருக்கும். அங்கெல்லாம் பளபளப்பை நம்பி ஏ2 போல்ட்டைப் போட்டால், வண்டி நிற்கும்போது எந்தக் குறையும் தெரியாது; திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோதான் அதன் பலவீனம் வெளிப்படும். சீட் பெல்ட் பிணைப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை இயந்திரத்தால் வேகமாக முடுக்கினால் மரைகள் உரசிச் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நட்டு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது; வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் நிக்கல் கலந்த பசையைத் தடவி, கையால் நிதானமாக முடுக்குவதே வழி. அலுமினியப் பாகங்களில் பொருத்தும்போதும் இந்தப் பசை உதவும். ஏனெனில் இரு உலோகங்களுக்கும் இடையில் ஈரம் தங்கினால் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.

இவ்வாறு சொல்வதால் நான் இந்த உலோகத்தை வெறுப்பவன் என்று எண்ண வேண்டாம். அலங்காரப் பட்டைகளில் அதற்கு இணையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் ரேடியேட்டர் உறையும் முகப்பு விளக்குக் கூடுகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனவை. குரோமியம் முலாம் பூசிய பாகம் உரிந்துவிட்டால் முலாம் பட்டறைக்குத்தான் போயாக வேண்டும். ஸ்டெயின்லெஸ் பட்டையோ மேலும் கீழும் ஒரே உலோகம். அதில் விழுந்த குழியை உட்புறத்திலிருந்து சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி உயர்த்தி, மேலே மெல்லிய அரத்தை ஒருமுறை ஓட்டினால், அரம் படாத இடம் மட்டும் தனியாகத் தெரியும். அங்கே இன்னும் சற்றுத் தட்ட வேண்டும். மட்டம் வந்ததும் 320, 400, 600 எண் உப்புத்தாள்களை, முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டே போய், கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால், நசுங்கிப்போன பட்டை புதியதாகவே திரும்பிவிடும். பொறுமையுள்ள எவரும் இதைத் தாமே செய்யலாம்.

புகைக்குழாய்க்கும் இது மிகவும் ஏற்றது. எப்போதாவது குறைந்த தூரமே ஓடும் பழைய காரில் புகையோடு வரும் நீராவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து தங்குவதால் மைல்டு ஸ்டீல் எனப்படும் சாதாரண எஃகாலான சைலன்சர் உள்ளிருந்தே அரித்துப்போகிறது. ஆனால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மைல்டு ஸ்டீல் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே கடத்துகிறது. சூட்டில் மைல்டு ஸ்டீல் விரிவதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. ஆகவே ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் குழாய் கோணிக்கொள்ளும். ஆர்கான் வாயுவைப் பயன்படுத்தும் வெல்டிங்கின்போது குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பாவிட்டால், பற்றவைத்த பகுதியின் உட்புறம் கறுத்துப் பொருக்காகி, துருவைத் தடுக்கும் தன்மையையே இழந்துவிடும். மைல்டு ஸ்டீலைத் தேய்த்த கம்பித் தூரிகையை இதில் பயன்படுத்தவும் கூடாது. அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள்களே பின்னர் துருப்புள்ளிகளாகும்.

முழு உடலையும் இதனால் செய்யலாமே என்று கேட்போர் 1981-இல் வெளிவந்த டெலோரியன் காரைப் பார்க்கலாம். அதன் வெளித்தகடுகள் வண்ணம் பூசாத 304 வகை. உள்ளே இருக்கும் சட்டகமோ எப்பாக்ஸி பூசிய மைல்டு ஸ்டீல். பூச்சு விரிசல் விட்ட இடங்களில் அது துருப்பிடிப்பதைத்தான் இன்று அக்காரை வாங்குவோர் முதலில் சோதிக்கிறார்கள்.

எனவே, பாரம் தாங்கும் இடங்களில் பழைய போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் தரக்குறியைப் பார்த்து, அதற்குக் குறையாத தரத்தையே பொருத்த வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தங்கள் அடுத்த வாகனப் பகுதியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்